500 கி.மீ. சைக்கிள் பயணம்... வரைபடத்தில் மனைவி சுழித்த ரயில் நிலையங்கள்!

பிரான்ஸின் பொர்தோ நகரத்துப் புறநகரில் இருக்கிறது அந்த வீடு. அதன் சமையலறை மேஜையில் மூன்று வாரமாக யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தென்மேற்குப் பிரான்ஸின் வரைபடம் மேஜை முழுக்க விரிந்து கிடக்கிறது. காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் ஊறுகாய் பாட்டில், உப்பு ஜாடி, சைக்கிள் பூட்டு, ஒரு ஸ்பேனர். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில்தான் சாப்பாடு.

அந்த வரைபடத்தில் நீலப் பேனாவால் போட்ட கோடு கணவருடையது. பொர்தோவில் கிளம்பி, கரோன் நதியை ஒட்டி ஓடும் கால்வாயின் கரையோடு துலூஸ் வரை போகிறது. அங்கிருந்து 'கனால் து மிதி' கால்வாயின் கரையைப் பிடித்து, மத்தியதரைக்கடல் ஓரம் உள்ள சேத் துறைமுகத்தில் முடிகிறது. மொத்தம் சுமார் 500 கிலோமீட்டர்.

சிவப்புப் பென்சில் மனைவியுடையது. அவர் கோடு எதுவும் போடவில்லை. வழியில் வரும் ரயில் நிலையங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சுழித்து வைத்திருக்கிறார். லா ரெயோல், மார்மாந்த், அழேன், மொவாசாக், மோன்தோபான்...

முதலில் பார்த்தபோது கணவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துதான் கேட்டார். "ஊருக்கு ஊர் ஸ்டேஷனைச் சுழிச்சு வெச்சிருக்கியே... கிளம்புறதுக்கு முன்னாடியே திரும்பி வர்றதுக்குப் பிளானா?"

மனைவி பதில் சொல்லாமல் எழுந்து போய்க் குழம்பைக் கிளறினார். கேள்வி நியாயமானதுதான். ஏற்கெனவே ஒருமுறை அப்படித் திரும்பி வந்தவர் அவர்.

கணவருக்கு வயது 60. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்தவர். 1962-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். இவரும் சொல்தாதான். பள்ளி முடித்ததும் ராணுவத்தில் சேர்ந்து, பல ஊர் முகாம்களில் இருந்து, ஓய்வுபெற்று பொர்தோ பக்கம் தங்கிவிட்டார். மனைவிக்கு 56. அவரும் புதுச்சேரிதான். மணிக்கணக்கு வாடகைக்குச் சைக்கிள் எடுத்து, பாவாடையைச் செருகிக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஓட்டப் பழகியவர். இத்தனை வருடம் பிரான்ஸில் இருந்தும் இருவரும் பார்த்தது முகாம் குடியிருப்பு, சூப்பர் மார்க்கெட், நெடுஞ்சாலை. கிராமங்களைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

மூன்று வருடம் முன்பு இதே பாதையில் ஒருமுறை கிளம்பினார்கள். ஜூலை மாதம். கணவர் போட்ட கணக்கு ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர், ஆறு நாளில் கடல். ராணுவத்தில் மூட்டை சுமந்து நடந்தவருக்கு அது பெரிய தூரமாகத் தெரியவில்லை. முதல் நாள் சமாளித்தாகிவிட்டது. இரண்டாம் நாள் வெயில் கொளுத்தியது. மூன்றாம் நாள் அழேன் நகரத்துக்குச் சற்று முன்னால் மனைவிக்குக் கால் பிடித்துக்கொண்டது. கூப்பிட்டார். கணவர் வெகுதூரம் முன்னால் போயிருந்தார். போனில் சார்ஜ் இல்லை. கால்வாய் ஓரத்தில் ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பி வரவில்லை. பின்னால் மனைவி வந்துகொண்டிருக்கிறார் என்ற நினைப்பிலேயே மிதித்துக்கொண்டிருந்தார்.

மனைவி எழுந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அழேன் ஸ்டேஷனுக்குப் போனார். டிக்கெட் எடுத்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் கணவரும் வந்து சேர்ந்தார். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சைக்கிள்கள் இரண்டும் கார் ஷெட் சுவரில் தொங்கின. அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை. அது சண்டையைவிட மோசம் என்று சொல்கிறாள், துலூஸில் வேலை பார்க்கும் மகள்.

மறுபடி இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்ததும் அந்த மகள்தான். "இந்தத் தடவை பிளானை அம்மா போடட்டும்பா" என்றாள். கணவர் ஒப்புக்கொண்டார். ஆனால் நீலப் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

முதல் வாக்குவாதம் வேகத்தைப் பற்றி. மணிக்கு 15 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம் மிதித்தால் 80 வந்துவிடும் என்பது கணவரின் கணக்கு. காகிதத்தில் சரிதான். மனைவி ஒரு நோட்டை எடுத்து எழுதினார். தண்ணீர் பிடிக்க நிற்பது. ரொட்டி வாங்க ஊருக்குள் போய் வருவது. வழி தவறுவது. பஞ்சர். பின்னால் இரு பக்கமும் தொங்கும் பைகளின் கனம். மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் படுப்பது. எல்லாம் சேர்த்தால் மணிக்குப் பத்தைத் தாண்டவில்லை. "சைக்கிள் 15-ல போகும். நாம பத்துலதான் போவோம்" என்றார்.

அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 45 கிலோமீட்டர். பதினோரு நாள் மிதிப்பு, நடுவில் துலூஸில் ஒரு நாள், கார்கசோனில் ஒரு நாள் ஓய்வு. ஆறு நாள் பயணம் பதின்மூன்று நாளானது. கணவர் பெருமூச்சு விட்டார். மகள் போனில், "அப்பா, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க" என்றாள்.

அடுத்தது மாதம். ஜூலையும் ஆகஸ்ட்டும் வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. அதற்கு வெயில் மட்டும் காரணமல்ல. கனால் து மிதியின் இரு கரையிலும் சுமார் 42,000 பிளேன் மரங்கள் இருந்தன. படங்களில் பார்க்கும் அந்தப் பச்சைக் குடை அவைதான். 2006-ல் அவற்றில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் இருந்து வந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகையோடு ஐரோப்பாவுக்குள் நுழைந்த நோய் அது என்று சொல்லப்படுகிறது. மருந்து இல்லை. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரித்தாகிவிட்டது. புதுக் கன்றுகள் வளர்ந்து வருகின்றன. ஆனால் பழைய போட்டோவை நம்பிப் போகிறவருக்கு நிழல் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. எனவே செப்டம்பர் என்று முடிவானது.

அதற்கப்புறம் காற்று. துலூஸுக்குத் தெற்கே இரண்டு காற்றுகள் ஆள்கின்றன. வடமேற்கில் இருந்து வரும் செர்ஸ் காற்று, கடலை நோக்கிப் போகிறவர்களின் முதுகைத் தள்ளிவிடும். தென்கிழக்கில் இருந்து வரும் ஓத்தான் காற்று நேராக முகத்தில் அறையும். எது அடிக்கும் என்று செப்டம்பரில் வாக்குக் கொடுக்க முடியாது. "எதிர்க்காத்து அடிச்சா அன்னிக்கு 30 கிலோமீட்டர்தான்" என்று மனைவி நோட்டில் எழுதிக்கொண்டார். கணவரின் பட்டியலில் இப்படி ஒரு வரிக்கு இடமே இருந்ததில்லை.

சாலையைத் தேர்ந்தெடுப்பதில் கணவர்தான் கில்லாடி. பிரான்ஸில் சாலையின் பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். 'ஏ' என்று தொடங்கினால் விரைவுச்சாலை, சைக்கிளுக்குத் தடை. 'என்' தேசிய நெடுஞ்சாலை, லாரிகள் உரசிக்கொண்டு போகும். 'டி' மாவட்டச் சாலை. அதிலும் எண் பெரிதாக ஆக ஆக, பெரும்பாலும் சாலை சின்னதாகி ஆள் நடமாட்டம் குறையும். மிஷ்லான் கம்பெனியின் காகித வரைபடத்தில் சாலை ஓரமாகப் பச்சைக் கோடு இருந்தால் பார்க்க அழகான வழி. அம்புக்குறி இருந்தால் ஏற்றம், மூன்று அம்பு இருந்தால் கடுமையான ஏற்றம். இதையெல்லாம் அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தபோது, இந்த மூன்று வாரத்தில் முதல் தடவையாக இருவரும் தலையோடு தலை முட்டும்படி குனிந்திருந்தார்கள்.

ஏற்றத்தைப் பற்றி இந்தப் பாதையில் அதிகம் பயப்பட வேண்டியதில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டிய ஆள், 17-ம் நூற்றாண்டில் உப்பு வரி வசூலித்துக்கொண்டிருந்த பியேர் போல் ரிக்கே. அட்லான்டிக் பக்கமும் மத்தியதரைக்கடல் பக்கமும் தண்ணீர் பிரியும் மேட்டை அவர் நொரூஸ் என்ற இடத்தில் அடையாளம் கண்டார். உயரம் 189 மீட்டர்தான். கறுப்பு மலையின் ஓடைகளைத் திருப்பி அந்த மேட்டுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் இறங்கியது. 1666-ல் அரசாணை, 1681-ல் திறப்பு. திறப்பு விழாவுக்கு அவர் இல்லை. சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். 240 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாயில் படகுகள் 'லாக்' எனப்படும் மதகுத் தொட்டிகளில் படிப்படியாக ஏறி இறங்கும். சைக்கிளுக்கு வரும் ஏற்றமும் அந்தத் தொட்டிகளின் ஓரத்தில் உள்ள குட்டிச் சரிவுகள்தான்.

இங்கே தொல்லை மேட்டில் இல்லை, தரையில் இருக்கிறது. பொர்தோவில் இருந்து துலூஸ் தாண்டி சுமார் 50 கிலோமீட்டர் வரை வழவழப்பான பாதை. அதற்குப் பிறகு பல இடங்களில் மண் தடம், புடைத்துக்கொண்டு நிற்கும் மரவேர்கள். மழை பெய்தால் சேறு. மெல்லிய டயர் உதவாது. கணவர் ஆசையாக வாங்கி வைத்திருந்த மெல்லிய டயர்கள் கழற்றப்பட்டு, தடித்தவை வந்தன. அன்று இரவு அவர் யாரிடமும் அதிகம் பேசவில்லை.

சாப்பாடும் தண்ணீரும் மனைவியின் இலாகா. பிரெஞ்சு கிராமத்தில் பசி கடிகாரத்தைப் பார்த்துதான் வர வேண்டும். பகல் 12 மணிக்குக் கடை மூடினால் இரண்டு மணிக்கோ அதற்கு மேலேயோதான் திறக்கும். ஓட்டலில் மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் 12-லிருந்து இரண்டுக்குள். இரண்டேகாலுக்குப் போய் நின்றால் அனுதாபத்தோடு கையை விரிப்பார்கள். ஞாயிறு மத்தியானம் ஊரே தூங்கும். பல பேக்கரிகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஒவ்வொரு நாளின் பக்கத்திலும் எந்த ஊரில், எத்தனை மணிக்குள் ரொட்டி வாங்க வேண்டும் என்று எழுதினார் மனைவி. இட்லிப் பொடி ஒரு டப்பா தனி.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் ஒரு யோசனை உண்டு. கிராமத்தில் எல்லாம் மூடியிருந்தால் கல்லறைத் தோட்டத்துக்குப் போ, பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே எப்போதும் ஒரு குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்ற பலகை மட்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

"கல்லறையில பிடிச்ச தண்ணியையா?" மனைவி பேனாவை வைத்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் வர்ற அதே குழாய்த் தண்ணிதான்."

"எனக்குத் தாகமே எடுக்காது. நீங்க குடிங்க."

கடைசியில் ஒருவருக்கு இரண்டு பாட்டில் என்பது மூன்றானது. கல்லறைக் குழாய்கள் வரைபடத்தில் நீலப் புள்ளியாகச் சின்னதாக இருக்கின்றன. மனைவி அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இரவு தங்கலுக்கு 'அக்கேய் வேலோ' என்ற முத்திரை உதவியது. அடையாளப் பலகைகள் வைத்த சைக்கிள் பாதையில் இருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் விடுதிகளுக்குத் தரப்படும் அங்கீகாரம் அது. சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கக் கருவிகளும் அங்கே இருக்கும்.

ரயில் நிலையங்கள் விஷயத்துக்கு வருவோம். பொர்தோவில் இருந்து சேத் வரை போகும் ரயில் பாதை 1850-களில் போடப்பட்டது. கால்வாய் போன வழியிலேயேதான் பெரும்பாலும் அதுவும் போகிறது. ரயில் கம்பெனியே கால்வாயைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய காலமும் உண்டு. போட்டியாளனின் கையில் கடை சாவியைக் கொடுத்த மாதிரி! படகுப் போக்குவரத்து மெலிந்துபோனதில் வியப்பில்லை. கால்வாயை ஓரங்கட்டிய அந்தத் தண்டவாளம்தான் இப்போது கால்வாய்க் கரையில் போகிற சைக்கிள்காரர்களுக்குத் துணை. வட்டார ரயில்களில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம், இடம் இருந்தால்.

குழம்பைக் கிளறிய அந்த இரவு கணவரின் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, கேட்காமலே கிடைத்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே மனைவி சொன்னார்.

"அன்னிக்கு அழேன்ல ஸ்டேஷன் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க. விசாரிச்சு விசாரிச்சுப் போனேன். பயந்துபோய்ட்டேன். எங்க இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு மறுபடி மிதிச்சிருப்பேன்."

கணவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் திரும்பிப் பாத்திருக்கணும்" என்றார். மூன்று வருடம் கழித்து வந்த வாக்கியம். மனைவி வெங்காயத்தால்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம்.

மே மாதம் ஒரு வெள்ளோட்டம் பார்த்தார்கள். நீண்ட பயணத்துக்கு முன்பு, எல்லா மூட்டைகளையும் கட்டிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது. எது தேவையில்லை என்று முதுகும் தொடையும் சொல்லிவிடும். பொர்தோவுக்கு வெளியே லாத்ரேன் என்ற ஊரில் இருந்து சோவ்தேர் வரை பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். சுமார் 50 கிலோமீட்டர். அதற்கு ரொழே லாபெபி என்ற வீரரின் பெயர். 1937-ல் 'தூர் த பிரான்ஸ்' பந்தயத்தில் ஜெயித்தவர். கியர் மாற்றும் கருவியைப் பந்தய வீரர்களுக்கு அனுமதித்த முதல் வருடம் அது. பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ரான்ழ், கியரெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்று கிண்டலாக எழுதியவர். மகள் இதைச் சொன்னதும் மனைவி, "நாங்க ரெண்டு பேருமே தாண்டிட்டோம், தாராளமா மாத்துவோம்" என்றார்.

தெக்ரான்ழுக்கு நேர் எதிர்முனையில் செந்த் எத்தியேன் நகரத்துக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் போல் த விவி. 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதியவர். பல கியர்களுக்காகக் காலமெல்லாம் வாதாடியவர், சைக்கிள் சுற்றுலாவின் தந்தை என்று பிரான்ஸில் கொண்டாடப்படுபவர். அவர் சொல்லிவிட்டுப் போன அறிவுரைகளில் இரண்டை மனைவி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். பசிக்கும் முன்பே சாப்பிடுவது ஒன்று. வீம்புக்காக மிதிக்கக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவதன் கீழே அழுத்தமாக ஒரு கோடு.

வெள்ளோட்டத்தின் முதல் நாள் மனைவி முன்னால் போனார். அது புது ஏற்பாடு. மெதுவாகப் போகிறவர் முன்னால், வேகமாகப் போகிறவர் பின்னால். கணவருக்குக் கால் துறுதுறுத்தாலும் பின்னால்தான் வந்தார். இரண்டாம் நாள் திரும்பி வரும்போது, பின்னால் பேச்சுச் சத்தம் குறைந்ததை மனைவி கவனித்தார். திரும்பிப் பார்த்தார். கணவர் ஒரு காலால் மட்டும் அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார். வலது முழங்கால். ராணுவ காலத்துப் பழைய அடி.

"வலிக்குதா?"

"இல்ல, சும்மாதான்."

மனைவி அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்த ஊரில், தனக்குக் காபி குடிக்க வேண்டும் என்று சொல்லி நிறுத்தினார். ஒரு காபிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்ததும் கணவருடைய சீட்டின் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றினார்கள். பைகளில் இருந்து நான்கு கிலோ வெளியே வந்தது. அதில் ஒன்று கணவரின் பெரிய டூல் பாக்ஸ்.

இப்போது திட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஒரே ஒரு இடம்தான் மனைவியை உறுத்திக்கொண்டிருந்தது. கார்கசோனில் இருந்து பெசியே வரை கால்வாய் வளைந்து வளைந்து சுமார் 100 கிலோமீட்டர் போகிறது. அங்கே தண்டவாளம் கால்வாயை விட்டு விலகிப் போய்விடுகிறது. ஒம்ப்ஸ், ல சொமாய், கப்பெஸ்தான் என்று திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அழகழகான ஊர்கள். கரையில் ஒரு ஸ்டேஷன்கூட இல்லை. சிவப்புச் சுழி இல்லாத இரண்டரை நாள். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட மேஜை அருகே நின்று அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அங்கே பஸ் பிடிக்கலாமா என்று மகளிடம் விசாரித்தார். பெசியே வரை ரயிலிலேயே போய்விட்டு, எட்டு மதகுத் தொட்டிகள் படிக்கட்டு போல அடுக்கி நிற்கும் ஃபோன்செரான் இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தார். கணவர் எதுவும் சொல்லவில்லை. முன்பென்றால் சொல்லியிருப்பார்.

ஒரு நாள் காலை காபியோடு வந்து உட்கார்ந்தபோது, அந்த இடத்தில் ஒரு சுழி இருந்தது. லெசின்யான் ஸ்டேஷன். ஒம்ப்ஸ் கிராமத்தில் இருந்து தெற்கே. பக்கத்தில் சிறிய எழுத்தில் கணவரின் கையெழுத்து: 'சுமார் 10 கி.மீ., டி சாலை.' நீலப் பேனாவால் அல்ல, சிவப்புப் பென்சிலால்.

மனைவி பென்சிலைத் தேடினார். அது கணவரின் சட்டைப் பையில் இருந்தது. "உனக்கு இல்ல, என் முட்டிக்கு" என்றார் அவர், செய்தித்தாளில் இருந்து கண்ணை எடுக்காமல்.

பெசியே வரை ரயிலில் போகும் யோசனை அதோடு போயிற்று. செப்டம்பர் இரண்டாவது வாரம் கிளம்புகிறார்கள். திங்கட்கிழமை என்று கணவர் சொன்னார். அன்று பேக்கரி மூடியிருக்கும் என்பதால் மனைவி செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டார்.